அம்மை மகளுக்கு, விடுப்பு யாருக்கு?

கேள்வி: ஐந்து வயது மகளுக்கு நேற்று முன்தினம் அம்மை போட்டுவிட்டது. நானும் கணவரும் கோவையில் தனியார் நிறுவனங்களில் வேலை பார்க்கிறோம். எனக்கு மூன்று நாள்தான் விடுப்பு கிடைத்தது. அதற்குப் பிறகு மாமியாரையோ, ஐந்து மாதக் கர்ப்பிணியான நாத்தனாரையோ துணைக்குக் கூப்பிடலாமா? இரண்டு வயதில் ஒரு மகனும் இருக்கிறான்.

பதில்: நாத்தனார் வரவே வேண்டாம், அம்மா. கர்ப்பத்தில் சின்னம்மை வந்தால் நுரையீரல் வரை பாதிக்கும். கொப்புளம் தெரிவதற்கு இரண்டு நாள் முன்பே இது தொற்றத் தொடங்கிவிடும். அந்த நாட்களில் அவர் உங்கள் வீட்டுக்கு வந்திருந்து, முன்பு அம்மை வராதவராகவும் இருந்தால் இன்றே தன் மகப்பேறு மருத்துவரைப் பார்க்கட்டும்.

மாமியாருக்குச் சிறுவயதில் அம்மை வந்திருந்தால் தாராளமாக வரலாம். பெரும்பாலும் இரண்டாம் முறை வராது. உங்களுக்கும் அப்படியே, வந்து போனவர் என்றால் அலுவலகத்துக்குக் கொண்டுபோய்ப் பரப்பிவிடுவோமோ என்று பயப்படாதீர்கள்.

ஆனால் மூன்று நாள் போதாது. எல்லாக் கொப்புளங்களும் காய்ந்து பொருக்குத் தட்டும்வரை தொற்றும்; அதற்கு 5 முதல் 7 நாள் ஆகும். அதுவரை பள்ளியும் கூடாது, குழந்தைகள் காப்பகமும் கூடாது.

எனக்குக் கவலை உங்கள் மகனைப் பற்றித்தான். அவனுக்குத் தடுப்பூசி போட்டிருக்கிறீர்களா? அரசின் இலவச அட்டவணையில் சின்னம்மை ஊசி இல்லாததால் பலருக்கு விட்டுப்போயிருக்கிறது. அக்காளிடமிருந்து தொற்றிய 3 நாளுக்குள், அதிகபட்சம் 5 நாளுக்குள் போட்டால் நோயைத் தடுக்கவோ தணிக்கவோ முடியும். கணக்குப்படி நான்கு நாள் ஏற்கெனவே போய்விட்டது, இன்றே கூட்டிப்போங்கள். அவனுக்கு வருவதானால் 10 முதல் 21 நாள் கழித்து வரும். அப்போதுதான் இரண்டாம் சுற்று விடுப்பு தேவைப்படும். அதனால் இருவரும் ஒரே நாளில் விடுப்பு எடுக்காதீர்கள். காய்ச்சல் அடிக்கும் நாட்களில் ஒருவர், மீதி நாட்களில் மற்றவர் என்று பிரித்துக்கொள்ளுங்கள். கணவர் விடுப்பு கேட்கத் தயங்க வேண்டியதில்லை, அவருக்கும் மகள்தானே.

தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் (1947) நோய் விடுப்பு ஊழியரின் சொந்த நோய்க்குத்தான். ஆனால் நியாயமான எந்தக் காரணத்துக்கும் ஆண்டுக்கு 12 நாள் வரை சம்பளத்தோடு தற்செயல் விடுப்பு உண்டு. குழந்தையை எந்தத் தேதி வரை தனியே வைக்க வேண்டும் என்று மருத்துவரிடம் எழுதி வாங்கிக் கொடுங்கள்.

காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் மட்டும். ஆஸ்பிரின், ஐபுப்ரோஃபென் வேண்டாம். வேப்பிலை வைப்பதும் வெதுவெதுப்பான நீரில் குளிப்பாட்டுவதும் கெடுதலில்லை. மூச்சுத் திணறினாலோ, எழுப்ப முடியாமல் துவண்டு கிடந்தாலோ, கொப்புளத்தைச் சுற்றிச் சிவந்து வீங்கினாலோ உடனே மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுங்கள்.