ரைஸ்மில் ஃபைபர் லிங்க்: ரெண்டு கன்வர்ட்டரும் ஒரே வகை

வணக்கம் சார். நீடாமங்கலம் ரைஸ்மில் ஆபீசிலிருந்து 600 மீட்டர் தள்ளியிருக்கிற குடோனுக்கு ஒற்றை இழை சிங்கிள்மோடு (தூரத்துக்குப் போடற ஃபைபர் வகை) கேபிள் இழுத்தும், கன்வர்ட்டரில் (நெட்வொர்க் சிக்னலை ஒளியா மாத்தற பெட்டி) ஃபைபர் லைட் எரியலைன்னு எழுதியிருக்கீங்க. கேபிளைத் தோண்டாதீங்க, தயவுசெய்து. நீங்க போட்ட போட்டோவில் ரெண்டு கன்வர்ட்டர் லேபிளிலும் டிஎக்ஸ் (அனுப்பறது) 1310, ஆர்எக்ஸ் (வாங்கறது) 1550 என்றுதான் இருக்கு. ரெண்டும் 1310 நானோமீட்டர் அலைநீள ஒளியில் அனுப்பிக்கிட்டு 1550-ஐ எதிர்பார்க்குது. எப்படி லிங்க் வரும்? ஒண்ணைக் கொடுத்துட்டு டிஎக்ஸ் 1550, ஆர்எக்ஸ் 1310 வாங்குங்க. கடையில் ‘ஏ, பி ஜோடி’ன்னு கேட்டா புரியும்.

அடுத்து பேட்ச் கார்டு, அதாவது கேபிளையும் கன்வர்ட்டரையும் இணைக்கிற குட்டி ஃபைபர் வயர். உங்க கார்டு தலை பச்சை, கன்வர்ட்டர் வாய் நீலம். பச்சைன்னா ஏபிசி வகை, முனை 8 டிகிரி சாய்வு; நீலம்னா யூபிசி வகை, முனையில் அந்தச் சாய்வு இல்லை. கலந்து சொருகினா ஒளி இழப்பு ஏறும், முனையும் கெடும். கன்வர்ட்டர் பக்கம் நீலத் தலை வர்ற கார்டா மாத்துங்க. உமித்தூசி பறக்கிற இடம், மூடியைக் கழற்றினதும் முனையைத் துடைச்சிட்டுச் சொருகுங்க.

பிற்காலத்தில் எஸ்எஃப்பி (ஃபைபர் சொருகற குட்டி மாட்யூல்) ஸ்விட்ச் போடறதா இருந்தா வேகத்தைக் கவனிங்க. 100 எம்பி கன்வர்ட்டரும் 1 ஜி (1000 எம்பி) எஸ்எஃப்பியும் பேசாது. செப்புக் கேபிள் மாதிரி ஃபைபர் தானா வேகத்தைக் குறைச்சுக்காது. இப்பவே ரெண்டு முனைக்கும் 1 ஜி வாங்கிடுங்க.