கணினி கேள்வி – பதில்: உலாவியில் திருத்துவதா, எடிட்டரில் எழுதுவதா?

கேள்வி: திறந்த மூல மென்பொருள் ஒன்றின் பயனர் கையேட்டில் இருந்த பிழையை, நிரல்களைச் சேமித்துப் பகிரும் கிட்ஹப் தளத்தின் பென்சில் குறியை அழுத்தி உலாவியிலேயே திருத்தி அனுப்பினேன், ஏற்றுக்கொண்டார்கள். ‘விம், ஈமேக்ஸ் போன்ற எடிட்டர்கள் தெரியாமல் செய்வதெல்லாம் பங்களிப்பில் சேராது’ என்கிறார்கள் கல்லூரியில் மூத்த மாணவர்கள். அப்படியா?
– மாணவி, கோயம்புத்தூர்

பதில்: அப்படி இல்லை. ஏற்கப்பட்ட திருத்தம் எந்தக் கருவியில் தட்டச்சு செய்யப்பட்டது என்று அந்தக் கையேட்டைப் படிப்பவர் யாரும் கேட்கப்போவதில்லை. பென்சில் குறியை அழுத்தியதும், களஞ்சியத்தின் (திட்டத்தின் கோப்புகளும் அவற்றின் மாற்ற வரலாறும் உள்ள தொகுப்பு) நகல் ஒன்றை உங்கள் கணக்கில் உருவாக்குவது, தனிக் கிளையில் திருத்தத்தைப் பதிவது, புல் ரிக்வெஸ்ட் (திருத்தத்தைச் சேர்த்துக்கொள்ளும்படி கேட்கும் கோரிக்கை) அனுப்ப வழிசெய்வது என எல்லாவற்றையும் அந்தத் தளமே பார்த்துக்கொள்கிறது. ஓர் எழுத்துப் பிழைக்காக முழுக் களஞ்சியத்தையும் இறக்கிக்கொண்டு உட்கார வேண்டிய அவசியம் இல்லை.

இந்த வசதிக்கு ஓர் எல்லை உண்டு என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். உலாவிப் பெட்டிக்குள் திருத்திய நிரலை அங்கேயே ஓட்டிப் பார்க்க இயலாது. 2021 முதல், களஞ்சியப் பக்கத்தில் முற்றுப்புள்ளி விசையை அழுத்தினால் விஎஸ் கோட் போன்ற எடிட்டரே உலாவியில் திறக்கிறது. அதற்குப் பின்னாலும் நிரலை இயக்கும் கணினி எதுவும் இல்லை. ஆகவே கையேட்டுக்கு உலாவி போதும். நிரலின் ஒரு செயற்கூறைத் தொடுகிறீர்கள் என்றால், அதை உங்கள் கணினியில் இறக்கி, சோதனைகளை ஓட்டிப் பார்த்துவிட்டு அனுப்புவதுதான் முறை. அதற்கு விம்தான் வேண்டும் என்பதில்லை; நிரலின் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கருவியான கிட்டின் கட்டளைகள் தெரிந்திருக்க வேண்டும்.

கேள்வி: கிட்ஹப், கிட்லேப் போன்ற தளங்கள் இத்தனை வந்த பிறகும் லினக்ஸ் கெர்னலை (இயங்குதளத்தின் மையப்பகுதி) உருவாக்குபவர்கள் மின்னஞ்சலில் பேட்ச் (மாறிய வரிகளைக் காட்டும் உரை) அனுப்பிக்கொண்டிருப்பது வெறும் பழமைப் பிடிவாதமா?
– மென்பொருள் பொறியாளர், மதுரை

பதில்: பிடிவாதம் கொஞ்சம் இருக்கலாம்; காரணம் அதைவிட அதிகம் இருக்கிறது. கெர்னலின் மாற்றங்களைப் பதிய அதுவரை உதவிய பிட்கீப்பர் என்னும் கருவியின் இலவச உரிமம் 2005-இல் திரும்பப் பெறப்பட்டபோது, லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் கிட்டை எழுதத் தொடங்கினார். கிட்ஹப் திறக்கப்பட்டது 2008-இல்தான். கிட் பிறந்ததே மின்னஞ்சல் வழக்கத்துக்குள் என்பதால், திருத்தத்தை மடலாக மாற்றுவதற்கும், அனுப்புவதற்கும், வந்த மடலைக் களஞ்சியத்தில் சேர்ப்பதற்குமான கட்டளைகள் அதனுடனேயே வருகின்றன.

ஒன்பது, பத்து வாரங்களுக்கு ஒருமுறை வெளியாகும் கெர்னல் பதிப்பு ஒவ்வொன்றிலும் 10,000-க்கும் மேற்பட்ட மாற்றங்கள் சேர்கின்றன. அவற்றை ஒரே வாசலில் வரிசையில் நிற்க வைக்காமல், கோப்பு முறைமை, வலையமைப்பு, வன்பொருள் இயக்கிகள் என்று பிரிவு வாரியான மின்னஞ்சல் குழுக்களும் பராமரிப்பாளர்களும் பங்கிட்டுக்கொள்கிறார்கள். யாருக்கு அனுப்புவது என்பதைச் சொல்ல ஒரு ஸ்கிரிப்ட் கெர்னலுக்குள்ளேயே இருக்கிறது. பேட்ச் மடலுக்குள் வெறும் உரையாக இருப்பதால், மதிப்பாய்வாளர் தமக்குப் பழகிய எடிட்டரில் அதைத் திறந்து, குறிப்பிட்ட வரியின் கீழேயே தம் மறுப்பை எழுதிவிடுகிறார். இணையம் இல்லாத ரயில் பயணத்திலும் இந்த வேலை நடக்கும். மடல்களின் காப்பகமே கிட் களஞ்சியங்களாக வைக்கப்பட்டிருப்பதால், நிரலைப் போலவே விவாதத்தையும் யார் வேண்டுமானாலும் நகலெடுத்துத் தம்மிடம் வைத்துக்கொள்ளலாம். இதற்கு ஈடான ஒன்றை வலைத்தளங்களில் நான் இன்னும் பார்க்கவில்லை.

கிட்ஹப் வழியாக வரும் புல் ரிக்வெஸ்ட்டுகளை ஏற்பதில்லை என்று டோர்வால்ட்ஸ் 2012-இலேயே வெளிப்படையாகச் சொன்னார். கோரிக்கை அனுப்பியவரின் மின்னஞ்சல் முகவரி போன்ற தகவல்களைக்கூட அந்த இடைமுகம் தவறவிடுகிறது என்பதும், வலைப்பெட்டியில் எழுதப்படும் கமிட் செய்திகள் (ஒவ்வொரு மாற்றப் பதிவோடும் சேரும் விளக்கம்) முறையாக வரி மடிக்கப்படாமல் நீளமாக ஓடுகின்றன என்பதும் அவர் குறைகள். 2021-இலும், அந்தத் தளத்தின் பொத்தானை அழுத்தி உருவாக்கிய இணைப்புக் கமிட்டுகளைக் கண்டித்தார். ஒரு மாற்றம் ஏன் செய்யப்பட்டது என்பதைப் பத்தாண்டு கழித்துத் தேடுபவருக்குக் கிடைப்பது கமிட் செய்திதான் என்பதால், அவர் சினம் எனக்கு நியாயமாகவே படுகிறது.

இதன் சுமை முழுவதும் புதியவர்களின் தலையில் விழுகிறது என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. ஜிமெயிலின் வலைப்பக்கத்திலிருந்து பேட்ச் அனுப்பினால், அது டேப்களை வெற்றிடங்களாக மாற்றி, நீண்ட வரிகளையும் உடைத்துவிடும். அது பேட்ச் அனுப்ப உதவாது என்று கெர்னல் ஆவணமே எச்சரிக்கிறது. ஹெச்டிஎம்எல் வடிவ மடல்கள் குழுவை எட்டுவதே இல்லை. சில அலுவலக மின்னஞ்சல்களில் தானாகச் சேரும் சட்ட அறிவிப்பும் ஒரு தொல்லை. நிரல் எழுதத் தெரிந்தவர் மடல் அனுப்பத் தெரியாமல் திரும்பிப்போவது நல்ல நிலை அல்ல. அந்த இடறலைக் குறைக்கத்தான் பி4 என்னும் கட்டளைவரிக் கருவி வந்தது. அஞ்சல் வழங்கியை அமைக்க முடியாதவர்கள் அதன் துணையோடு வலைவழியாகவும் பேட்ச் தொடரை அனுப்பலாம்.

கேள்வி: எங்கள் சிறு குழுவின் திறந்த மூலத் திட்டம் மின்னஞ்சல் குழுவில் நடக்கிறது. வலைத்தளத்துக்கு மாறச் சொல்கிறார்கள் இளையவர்கள். மாறினால் எதை இழப்போம்?
– வாசகர், சென்னை

பதில்: மாறுவதில் தவறில்லை, உங்களைவிடப் பெரியவர்கள் மாறியிருக்கிறார்கள். லினக்ஸ் மேசைத்தளச் சூழலான நோமும், லினக்ஸ் இயங்குதளமான டெபியனும் 2018-இல் தங்கள் சொந்த வழங்கிகளில் கிட்லேப் அமைத்துக்கொண்டன. பைத்தான் 2017-இல் நிரலையும் 2022-இல் பிழைப் பதிவுகளையும் கிட்ஹப்புக்குக் கொண்டுபோனது. ஒவ்வொரு மாற்றத்துக்கும் சோதனைகள் தானாக ஓடி, தவறினால் சிவப்புக் குறி காட்டுவது ஒன்றே சிறு குழுவுக்குப் பேருதவி.

இழக்கக்கூடியது விவாதத்தின் நினைவு. கிட்ஹப்பைப் போன்ற தளமான கூகுள் கோட் 2016-இல் மூடப்பட்டது. அதே வகைத் தளமான கிட்டோரியஸ் அதற்கு முந்தைய ஆண்டே போயிற்று. 2021-இல் ஃபாப்ரிகேட்டர் என்னும் மதிப்பாய்வு மென்பொருளின் வளர்ச்சி நின்றுபோக, அதில் மதிப்பாய்வு நடத்திவந்த கம்பைலர் திட்டமான எல்எல்விஎம் 2023-இல் கிட்ஹப்புக்கு இடம்பெயர வேண்டியதாயிற்று. உறுப்பினர் ஒவ்வொருவரிடமும் முழு நகல் இருப்பதால் நிரல் தப்பிவிடும். ‘இப்படி ஏன் செய்தோம்’ என்ற வாதம் தளத்தோடு போய்விடும். தளம் மூடப்படாவிட்டாலும் கதவு சாத்தப்படலாம். அமெரிக்காவின் வர்த்தகத் தடையால் 2019-இல் ஈரான், சிரியா, கிரிமியா ஆகிய இடங்களில் இருந்தவர்களின் கிட்ஹப் கணக்குகள் கட்டுப்படுத்தப்பட்டதை மறந்துவிட வேண்டாம்.

எனக்குப் பிடித்த ஏற்பாடு போஸ்ட்கிரெஸ் தரவுத்தளக் குழுவினுடையது: விவாதமும் பேட்சுகளும் மின்னஞ்சலில், எது மதிப்பாய்வுக்குக் காத்திருக்கிறது என்ற பட்டியல் மட்டும் வலைப்பக்கத்தில். கிட் திட்டமும் புல் ரிக்வெஸ்ட்டை மின்னஞ்சல் தொடராக மாற்றித் தரும் பாலம் ஒன்றை வைத்திருக்கிறது. இவ்வளவு செய்ய ஆளில்லை என்றால் ஒரு விதியை மட்டும் வகுத்துக்கொள்ளுங்கள்: வலைத்தளத்தில் எவ்வளவு பேசினாலும், முடிவும் காரணமும் கமிட் செய்தியில் எழுதப்பட்ட பிறகே இணைப்பது.

கேள்வி: நாற்பது, ஐம்பது கோப்புகளைத் தொடும் புல் ரிக்வெஸ்ட்டை உலாவியில் படித்து முடிப்பதற்குள் தொடக்கம் மறந்துவிடுகிறது. வேறு வழி உண்டா?
– வாசகர், பெங்களூரு

பதில்: உண்டு. கிட்ஹப் நிறுவனமே தரும் ‘ஜிஹெச்’ கட்டளைவரிக் கருவியில் ஒரு கட்டளையிட்டால் அந்தக் கிளை உங்கள் கணினிக்கு வந்துவிடும். உலாவி முதலில் காட்டுவது மாறிய வரிகளையும் அவற்றைச் சுற்றியுள்ள சில வரிகளையும்தான். எடிட்டரில் ஒரு செயற்கூறு எங்கே வரையறுக்கப்பட்டது, எங்கெல்லாம் அழைக்கப்படுகிறது என்று தாவித் தாவிப் பார்க்கலாம். ஈமேக்ஸ் பயன்படுத்துபவராக இருந்தால் அதனுள்ளேயே கிட்டைக் கையாள உதவும் மேகிட்டும், கிட்ஹப் போன்ற தளங்களோடு இணைக்கும் அதன் துணையான ஃபோர்ஜும் போதும். படித்து முடித்தபின் கருத்துகளை வலைப்பக்கத்திலேயே இடுங்கள். எழுதியவர் அங்கேதான் காத்திருப்பார். அதோடு, அடுத்த முறை மாற்றத்தைச் சிறு கமிட்டுகளாகப் பிரித்து அனுப்பும்படி அவரைக் கேட்பதில் தவறே இல்லை.