திருடர்களிடம் பரிவு காட்டலாமா?

அன்புள்ள ஐயா,
ஜப்பானிய இயக்குநர் ஹிரோகசு கோரே-எடாவின் ‘ஷாப்லிஃப்டர்ஸ்’ படம் பார்த்தேன். கடைகளில் திருடிப் பிழைக்கும் ஒரு குடும்பத்தை இவ்வளவு பரிவோடு காட்டுவது திருட்டை நியாயப்படுத்துவது ஆகாதா? 2018இல் கான் திரைப்பட விழாவில் இதற்குத் தங்கப்பனை விருது கொடுத்தது சரியா?
– ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

விருதை விடுங்கள், அது நடுவர்கள் பாடு. மற்ற கேள்விக்குப் பதில் எழுதக் காரணம், அந்தப் படத்தின் மிட்டாய்க்கடைக் கிழவர் சில நாட்களாகவே என் மனதில் இருக்கிறார் என்பதுதான்.

கடையில் இருக்கும் பொருள் இன்னும் எவருக்கும் சொந்தமாகவில்லை என்பது சிறுவன் ஷோட்டாவுக்கு, அந்தக் குடும்பத்தில் தகப்பன் இடத்தில் இருக்கும் ஒசாமு கற்பித்த பாடம். அதை முதலில் அசைப்பது போலீஸ் அல்ல, அந்தக் கிழவர். திருடுவதற்கு முன் சிறுவன் விரல்களால் செய்யும் சைகையைத் தானும் செய்துகாட்டி, இதைத் தங்கையைச் செய்ய வைக்காதே என்று மட்டும் சொல்லி, கையில் இனிப்பும் கொடுத்து அனுப்புகிறார். அவர் ஒரு குரல் கொடுத்திருந்தால் போதும், பையன் பிடிபட்டிருப்பான். பின்னொரு நாள் துக்க அறிவிப்போடு அந்தக் கடை மூடிக் கிடக்கிறது. கார்க் கண்ணாடியை உடைக்கப் போகும் ஒசாமுவிடம், இது இன்னொருவருடையது இல்லையா என்று ஷோட்டா கேட்கிறான். இந்தக் குடும்பம் எடுத்துவந்து அவன் தங்கையாக வளர்க்கும் சிறுமி யூரி தானாகவே திருடத் தொடங்கும்போது, கவனத்தைத் தன் பக்கம் இழுக்க ஆரஞ்சுப் பையைத் தூக்கிக்கொண்டு ஓடி, மதிலிலிருந்து குதித்துக் காலை முறித்துக்கொள்கிறான். திருட்டுக்கு எதிராக இதைவிட வலுவாக எந்த நீதிமன்றம் பேசிவிடும்?

பரிவு என்றால் குற்றத்தைக் கழுவித் துடைத்துக் காட்டுவது என்று உங்களுக்கு யார் சொல்லிக்கொடுத்தார்கள்? ஆஸ்பத்திரியில் கிடக்கும் அந்தப் பையனை விட்டுவிட்டு இரவோடிரவாக ஓடப் பார்ப்பவர்கள் இதே குடும்பத்தார்தான். பிற்பாடு அவன் கேட்கும்போது ஒசாமு அதை ஒப்புக்கொள்ளவும் செய்கிறான். இயக்குநர் எதையும் மறைக்கவில்லை, தீர்ப்பெழுதும் அவசரத்தில் நீங்கள்தான் கவனிக்கவில்லை. உங்கள் கோபம் நேர்மையானது என்று தெரிகிறது. ஆனால் நேர்மையான கோபமும் படத்தை முழுதாகப் பார்த்துவிட்டு வரலாம்.

பிள்ளைகள் உங்களை என்னவென்று கூப்பிட்டார்கள் என்று விசாரணையில் கேட்கப்படும்போது, அந்தக் குடும்பத்தில் தாய் இடத்தில் இருந்த நொபுயோ பதில் சொல்ல முடியாமல் உள்ளங்கையால் முகத்தைத் துடைத்துத் துடைத்து அழுகிறாள். சட்டமோ யூரியை, அவளைக் கொடுமைப்படுத்திய வீட்டுக்கே திருப்பி அனுப்பிவிடுகிறது. உங்கள் கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. அந்தப் பிள்ளையை எங்கே விட்டிருக்க வேண்டும் என்று அடுத்த கடிதத்தில் எழுதுங்கள், பேசுவோம்.

அன்புடன்.