கலியாண வீட்டுக் கேள்விகள்

என்ட தம்பி இங்கிலாந்துப் பிள்ளை ஒண்டைக் கட்டுறான், கலியாணம் இங்க கோயில்லதான். பொண்ணுட தாய் நீலத்தில ஏதாவது வேணும், சப்பாத்துக்குள்ள காசு வைக்கணும் எண்டு நிக்கிறா. எங்கட பெரியம்மா முகத்தைச் சுளிக்கிறா. என்ன செய்ய அக்கா? – வாசகி, உப்புவெளி

பெரியம்மாவை இருத்திவைச்சுச் சொல்லுங்க தங்கச்சி. பழசு ஒண்டு, புதுசு ஒண்டு, இரவல் ஒண்டு, நீலம் ஒண்டு, சப்பாத்துக்குள்ள ஒரு சிக்ஸ்பென்ஸ் எண்ட பழைய ஆறு பென்ஸ் காசு, இதுதான் அவங்கட வழக்கம். பழசு பிறந்த வீட்டுத் தொடர்பு, இரவல் எண்டா சந்தோஷமா வாழுற ஒருத்திட்ட வாங்குறது, நீலம் உண்மையா இருக்கிறதுக்கு. சிக்ஸ்பென்ஸ் 1980ல செல்லாக்காசாப் போயிட்டு, ஆனா கலியாணத்துக்கு எண்டு இன்னும் தேடி எடுப்பாங்க. மணவறையில சப்பாத்து ஏது, அந்தக் காசைக் கூறைச் சேலை முந்தானையில முடிஞ்சு விடுங்க, நீலத்துக்குச் சேலைக் கரையில உள்பக்கமா ரெண்டு தையல் போதும். மற்றது, கலியாணத்தண்டு காலையில மாப்பிள்ளை பொண்ணைப் பாக்கக்கூடாது எண்டு அவங்களும் சொல்லுவாங்க, நாங்க பொன்னுருக்கின நாள்ல இருந்தே பாக்க விடுறதில்லையே. மாப்பிள்ளை வீட்டில பத்தர் தாலிக்குப் பொற்காசை உருக்கேக்க அந்தத் தாயையும் கூப்பிட்டுப் பக்கத்தில இருத்துங்க, அவவுக்கு எல்லாம் விளங்கும்.

நிச்சயதார்த்தத்தண்டு கண்ணாடிக் கிளாஸ் ஒண்டு விழுந்து உடைஞ்சிட்டு. அபசகுனம் எண்டு அம்மா சாப்பிடவே இல்ல. – வாசகர், உவர்மலை

ஜெர்மனியில கலியாணத்துக்கு முதல்நாள் இரவு வாற ஆக்கள் பீங்கான் கோப்பைகளை வேணுமெண்டே வாசல்ல போட்டு உடைப்பாங்க, மாப்பிள்ளையும் பொண்ணும் சேர்ந்து கூட்டி அள்ளணும். ஆனா கண்ணாடி உடைக்கக்கூடாது எண்டு அங்கயும் ஒரு பயம். யூதக் கலியாணத்தில பாத்தா அதே கண்ணாடிக் கிளாஸைத் துணியில சுத்தி மாப்பிள்ளை காலால மிதிச்சு உடைக்கிறார், கி.பி. 70ல எருசலேம் கோயில் அழிஞ்சதை நினைச்சு, உடைஞ்ச உடனே சனம் எல்லாம் 'மசல் டொவ்' எண்டு வாழ்த்தும். ஒரு இடத்தில கூடாத சாமான் இன்னொரு இடத்தில இல்லாமலே முடியாது, அப்ப கிளாஸில என்ன குற்றம் இருக்கு? அம்மாவுக்கு முதல்ல சோத்தைப் போட்டுக் குடுங்க.

அப்பா இல்ல. அம்மா ஆலாத்தி எடுக்கக்கூடாது, மணவறைப் பக்கம் வரவும் கூடாது எண்டு மாமி சொல்லுறா. – வாசகி, நிலாவெளி

இதை வாசிச்சு எனக்கு நெஞ்சு பதறிட்டு பிள்ளை. சகுனம் பாக்கிறதை நான் குறை சொல்லுறதே இல்ல, நிறைகுடம் வைங்க, கண்ணூறு கழியுங்க, ராகுகாலம் பாருங்க, பகல்ல அருந்ததி பாருங்க, எனக்கு அதெல்லாம் விருப்பம். ஆனா தனி ஆளா நிண்டு உங்களைப் படிப்பிச்சு, நகைச் சீட்டுக் கட்டி, கலியாணம் வரைக்கும் கொண்டுவந்த மனுசியை ஒரு மூலையில நிக்க வைக்கிற வழக்கம் எந்த ஊரில இருந்து வந்தாலும் வேணாம். அம்மா எடுக்கிற ஆலாத்தியில என்ன குறை வரப்போகுது, தட்டில மூண்டு வாழைப்பழத் துண்டு, அதில திரி, அவ்வளவுதானே! முதல்ல அம்மாட்ட கேளுங்க, அவவுக்கே பயம் இருக்கும், கட்டாயப்படுத்தாதீங்க, ஆனா அறுகரிசி போட முதல் ஆளா வரச்சொல்லுங்க. ஐயரிட்டயும் மாமியிட்டயும் இப்பவே போய்ப் பேசுங்க, அண்டைக்கு எல்லார் முன்னாலயும் சண்டை வேணாம். மாப்பிள்ளை உங்களோட வந்து பேசினா இன்னும் நல்லம்.

மகள் சின்னனில தேங்காய்ப்பூ அள்ளித் தின்னுவாள், கலியாணத்தண்டு மழை வரும் எண்டு பயம். நாள் டிசம்பர் ஆரம்பத்தில. – வாசகி, சாம்பல்தீவு

திருகோணமலையில டிசம்பர்ல மழை பெய்யத் தேங்காய்ப்பூ தேவையில்ல, வடகீழ் பருவமழை அப்பதானே! இத்தாலியில நனைஞ்ச பொண்ணு அதிர்ஷ்டக்காரி எண்டு சொல்லுவாங்க. மார்கழி பிறக்க முன்னம் ஒரு நாள் கிடைச்சதே பெரிய விசயம், மாத்தாதீங்க, பந்தலுக்குத் தகரம் போடச் சொல்லுங்க, சமையல் பக்கம் தண்ணி நிக்காம வாய்க்கால் வெட்டி விடுங்க.