ரூம்மேட்டோடு வீட்டைப் பகிர்ந்துகொள்வது லாபமா, தலைவலியா?

சென்னையில் வேலை கிடைத்து வருபவர்கள் பலரும் கேட்கும் கேள்வி இது. ரூம்மேட் என்றால் ஒரே வீட்டில் தங்கி, வாடகையையும் செலவையும் பங்கு போட்டுக்கொள்பவர். உறவாகவோ நண்பராகவோ இருக்க வேண்டியதில்லை.

செலவு குறையக் காரணம் எளிது. சமையலறை, ஃபிரிட்ஜ், வைஃபை எல்லாம் ஒருவர் இருந்தாலும் ஒன்றுதான், மூவர் இருந்தாலும் ஒன்றுதான். அட்வான்ஸையும் பிரித்துக்கொள்ளலாம். காய்ச்சலில் படுத்தால் கஞ்சி வைத்துத் தர ஆள் இருக்கும். எனக்கு இதுதான் பெரிய லாபமாகத் தெரிகிறது.

ஆனால் கரண்ட் பில் கணக்கு வேறு. தமிழ்நாட்டில் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை ரீடிங் எடுக்கும்போது முதல் 100 யூனிட் இலவசம். அதற்கு மேல் ஏற ஏற விலையும் ஏறும். 500-ஐத் தாண்டிவிட்டால் 101 முதல் 200 வரையிலான யூனிட்டுக்கும் கூடுதல் கட்டணம். இலவசம் மீட்டருக்குத்தான், தலைக்கு அல்ல. ஒருவர் விடிய விடிய ஏசி போட்டால், ஃபேனில் தூங்குபவரும் சேர்ந்து அழ வேண்டும். ஏசிக்குத் தனியாக ஒரு சப் மீட்டர் வைத்தால் சண்டை பாதி குறையும்.

ஷேர் ஆட்டோ மாதிரிதான்: காசு மிச்சம், ஆனால் நாம் நினைத்த நேரத்துக்குக் கிளம்பாது. பாத்ரூம் வாசலில் துண்டோடு காத்திருப்பது, சிங்க்கில் கிடக்கும் அடிப்பிடித்த குக்கர் யாருடையது என்ற பஞ்சாயத்து, எல்லாம் உண்டு.

அப்புறம், பணத்தைப் பாதிப் பாதி கொடுத்தால் இருவருக்கும் சம உரிமை என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை; அக்ரிமென்ட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவரைத்தான் வீட்டுக்காரர் வாடகைதாரராகப் பார்ப்பார், அட்வான்ஸும் அவர் கைக்கே திரும்பும்.