ஆயா கேட்டது எந்த 'நெஞ்சம் மறப்பதில்லை'?

கேள்வி: அடுத்த மாதம் எங்கள் ஆயா, தாத்தாவுக்கு அறுபதாம் கல்யாண நாள். 1965-ல் நடந்த கல்யாணம். இங்கே டர்பன் பக்கம் சாட்ஸ்வொர்த்தில் ஹால் பிடித்தாயிற்று, டிஜேவுக்கும் சொல்லியாயிற்று. ஆயா கேட்டது ஒரே ஒரு பாட்டு, 'நெஞ்சம் மறப்பதில்லை'. தம்பி அந்தப் பெயரைப் போனில் தேடி, முதலில் வந்த ஆல்பத்திலிருந்து ஒன்றை எடுத்து எல்லார் முன்னாலும் போட்டான். 'என் பொண்டாட்டி ஊருக்குப் போயிட்டா' என்று ஆரம்பித்தது. ஆயா ஒன்றும் பேசாமல் எழுந்து உள்ளே போய்விட்டார். அப்பா, "அது டிவி சீரியல் பாட்டாக இருக்கும், அதைத்தானே உட்கார்ந்து பார்த்தார்" என்கிறார். அத்தையோ, "அது பழைய சோகப் பாட்டு. ஜோடியைப் பிரிக்கிற படம். நல்ல நாளில் வேண்டவே வேண்டாம்" என்கிறார். எதைப் போடுவது? ஒரே பெயரை இத்தனை பேர் வைத்துக்கொள்ள யார்தான் விட்டது?
– சாட்ஸ்வொர்த் வாசகி

பதில்: தம்பியைத் திட்டாதீர்கள், அம்மா. பாட்டு தப்பு, ஆனால் அவன் தேடிய பெயர் சரிதான். செல்வராகவன் இயக்கத்தில் 2021 மார்ச்சில் வந்த 'நெஞ்சம் மறப்பதில்லை' படத்தில் வருகிற பாட்டு அது. யுவன் சங்கர் ராஜா இசை, எஸ்.ஜே.சூர்யா நடித்த பேய்ப்படம். பல வருஷம் பெட்டிக்குள் கிடந்துவிட்டுத் திரைக்கு வந்தது. அறுபது வருஷம் கூடவே இருந்த மனைவியின் முன்னால், பொண்டாட்டி ஊருக்குப் போன சந்தோஷத்தைப் பாடினால் எந்த ஆயாதான் உட்கார்ந்து கேட்பார்? எழுந்து போனதோடு விட்டாரே, பெரிய மனசு.

அப்பா சொல்வதிலும் பொய்யில்லை. விஜய் டிவி 2017-ல் இதே பெயரில் ஒரு சீரியல் தொடங்கியது. ஆனால் ஆயா மனசில் இருப்பது அது இல்லை என்பது என் கணிப்பு. கல்யாண நாளுக்கு ஒரே ஒரு பாட்டு கேட்கிறவர், எழுபது வயதில் பார்த்த சீரியலின் பாட்டைக் கேட்க மாட்டார். கல்யாணத்தை ஒட்டிக் கேட்ட பாட்டைத்தான் கேட்பார்.

இந்த மாதிரிக் குழப்பத்துக்கு நான் எல்லாருக்கும் சொல்கிற வழி ஒன்று உண்டு. பெயரைப் பிடித்துத் தொங்காமல், அந்த ஆள் எதில் கேட்டார், எதில் பார்த்தார் என்று விசாரியுங்கள். நம் தென்னாப்பிரிக்காவில் இது நன்றாகவே வேலை செய்யும். காரணம், இங்கே டெலிவிஷன் வந்ததே 1976-ல்தான். அதற்கு முன் காதலித்தவர்களுக்கு, கல்யாணம் கட்டியவர்களுக்கு, ஒன்று டர்பன் கிரே ஸ்ட்ரீட் பக்கத்துத் தியேட்டர், இல்லையென்றால் ரெக்கார்டு. எண்பதுகளில் வயசுக்கு வந்தவர்களுக்கு வாடகை வீடியோ கேசட். அதற்கும் பிந்தியவர்களுக்கு டிஷ், இப்போது போன். ஆயா எந்தக் காலத்துக் கதையைச் சொல்கிறார் என்று தெரிந்தால் எந்தப் பாட்டு என்பது பாதி தெரிந்த மாதிரி.

கல்யாணம் 1965 என்கிறீர்கள். ஸ்ரீதரின் 'நெஞ்சம் மறப்பதில்லை' 1963. கல்யாண் குமார், தேவிகா நடித்தது, கறுப்பு வெள்ளைப் படம். விஸ்வநாதன் – ராமமூர்த்தி இசையில் கண்ணதாசன் எழுத, பி.பி.ஸ்ரீநிவாஸும் பி.சுசீலாவும் பாடியது 'நெஞ்சம் மறப்பதில்லை, அது நினைவை இழக்கவில்லை'. படம் இங்கே வந்து சேரச் சற்றுத் தாமதமாகியிருந்தாலும் கணக்கு சரியாக விழுகிறது.

என்றாலும் கணக்கை நம்பி டிஜேவுக்குப் பாட்டை அனுப்பிவிடாதீர்கள். சாப்பாடு முடிந்து கூட்டம் கலைந்த பிறகு, ஆயா பக்கத்தில் தனியாக உட்கார்ந்து, "இரண்டாவது வரி எப்படி வரும், ஆயா?" என்று மட்டும் கேளுங்கள். 'எந்தப் பாட்டு?' என்று கேட்டால் பரீட்சை மாதிரி இருக்கும், பேரப்பிள்ளைகள் முன்னால் தெரியவில்லை என்று சொல்ல வயதானவர்களுக்குப் பிடிக்காது. வரியைக் கேட்டால் வாய் தானாகப் பாடும். தாத்தாவையும் தனியாக ஒருமுறை கேட்டுப் பாருங்கள். பாட்டை ஆயாவிடம் முதலில் பாடிக் காட்டியதே அவராக இருக்கலாம்.

இனி, யார் விட்டது என்ற கேள்வி. யாரும் விடவில்லை, தடுக்கச் சட்டமும் இல்லை. படத்தின் பெயருக்குக் காப்புரிமை கிடையாது என்று இந்திய உச்ச நீதிமன்றமே 2015-ல் ஓர் இந்திப் பட வழக்கில் சொல்லிவிட்டது. தயாரிப்பாளர் சங்கங்களில் பெயரைப் பதிந்து வைப்பார்கள். அது அவர்களுக்குள் இருக்கிற ஏற்பாடு. ஐம்பது வருஷம் கழித்து ஒருவர் அதே பெயரை எடுத்தால் யாரும் கோர்ட்டுக்கு ஓடுவதில்லை. சீரியல்காரர்களுக்கு இது கொள்ளை லாபம். புதுப் பெயர் வைத்தால் ஜனங்கள் மனசில் பதிய மாதக்கணக்கு ஆகும். 'மௌன ராகம்' என்று வைத்தால் 1986-ல் மணிரத்னம் படம் பார்த்த அம்மாவும் திரும்பிப் பார்ப்பார். 2017-ல் அந்தப் பெயரில் வந்த சீரியலோ பாட்டுப் பாடுகிற ஒரு சின்னப் பெண்ணின் கதை. படத்துக்கும் அதற்கும் ஒட்டு உறவு ஒன்றும் இல்லை. 'அன்பே வா', 'பூவே உனக்காக', 'நினைத்தாலே இனிக்கும்' எல்லாம் இப்படிச் சின்னத்திரைக்குக் குடிபோன பெயர்கள்தான்.

இன்னொரு காரணமும் உண்டு, இதை யாரும் அவ்வளவாக யோசிப்பதில்லை. நம் பாட்டுகளுக்குத் தனியாகப் பெயரே கிடையாது. பல்லவியின் முதல் வரிதான் பெயர். ஆகவே ஒரு நல்ல முதல் வரியை ஒருவர் படத்துக்குப் பெயராக எடுத்த உடனே அது இரண்டாகிவிடுகிறது. 'ஈரமான ரோஜாவே' முதலில் 1983-ல் 'இளமைக் காலங்கள்' படத்தில் யேசுதாஸ் பாடிய பாட்டு. 1991-ல் அதே பெயரில் வேறொரு படம், 2018-ல் விஜய் டிவியில் சீரியல். வீடியோ கேசட் காலத்து ஆள் யாராவது உங்கள் வீட்டில் 'ஈரமான ரோஜாவே' கேட்டால் மறுபடியும் இதே ரகளைதான்! 'கண்ணே கலைமானே'வும் அப்படியே: 1982-ல் 'மூன்றாம் பிறை'யின் தாலாட்டு, 2019-ல் சீனு ராமசாமியின் படம்.

அத்தை விஷயத்துக்கு வருகிறேன். படத்தைப் பற்றி அவர் சொல்வது உண்மை. ஜமீன்தார் தகப்பன் மகனின் காதலைக் குலைக்கிறார், காதலர்கள் மறுபிறவி எடுக்கிறார்கள், அந்தத் தகப்பன் தொண்டு கிழமாகியும் சாகாமல் அவர்களை விடாமல் துரத்துகிறார். நம்பியார் அந்தக் கிழவர் வேஷத்தில் வந்து நிற்பதைப் பார்த்தால் இன்றைக்கும் சின்னப் பிள்ளைகள் அலறும். ஆனால் பாட்டு பயமுறுத்துகிற பாட்டு இல்லை. காத்திருந்த மனசு, மறக்காத மனசு, அவ்வளவுதான். டர்பனில் இந்தியத் தொழிலாளர்கள் குடியிருந்த மேகசின் பேரக்ஸிலிருந்தும் மற்ற இடங்களிலிருந்தும் ஜனங்களைப் பெயர்த்துச் சாட்ஸ்வொர்த்தில் கொண்டுவந்து விட்ட காலத்தில் குடும்பம் தொடங்கியவர்கள் ஆயாவும் தாத்தாவும். எந்தப் பாட்டு தங்களுக்குச் சோகம், எது இல்லை என்று அவர்களுக்குத் தெரியும். இதில் என் ஓட்டு ஆயாவுக்கே. அத்தைக்காக ஒன்று செய்யலாம்: திரையில் படக்காட்சி ஓடவிட வேண்டாம். பாட்டு மட்டும் போகட்டும், திரையில் அவர்களுடைய கல்யாணப் போட்டோ இருக்கட்டும்.

அத்தை அப்படியும் முகம் சுளித்தால், அவருக்குப் பிடிக்க ஒரு பாட்டும் சேர்த்துத் தருகிறேன். அதே ஸ்ரீதர், அதே இசையமைப்பாளர்கள், அதே இரண்டு குரல்கள், 1964: 'நாளாம் நாளாம் திருநாளாம், நம்பிக்கும் நங்கைக்கும் மணநாளாம்'. கல்யாண நாளுக்கு என்றே செய்து வைத்த மாதிரி இருக்கும். கேக் வெட்டும்போது இதைப் போடுங்கள், ஆயா கேட்டதை அவர்கள் இருவரும் உட்கார்ந்த பிறகு.

ஆனால் ஜாக்கிரதை. இந்தப் பாட்டு இருக்கும் படத்தின் பெயர் 'காதலிக்க நேரமில்லை'. அதைத் தம்பி போனில் தட்டினால் 2025 பொங்கலுக்கு வந்த, ஏ.ஆர்.ரஹ்மான் இசையமைத்த படம்தான் முதலில் வந்து நிற்கும். நித்யா மேனனும் ரவி மோகனும் நடித்தது. நடுவில் 2007-ல் விஜய் டிவி சீரியல் ஒன்றும் இருக்கிறது. அதன் டைட்டில் பாட்டும் அந்தக் காலத்தில் சக்கைப்போடு போட்டது. நாகேஷ் பாலையாவுக்குக் கதை சொல்லிக் கிலியூட்டுகிற அந்தப் பழைய படம் கீழே எங்கேயோ கிடக்கும். ஆகவே படத்தின் பெயரைப் போட்டுத் தேடாதீர்கள். பாட்டின் முதல் வரி, கூடவே சுசீலா, பி.பி.ஸ்ரீநிவாஸ் என்ற இரண்டு பெயர்கள், வருஷம். இவ்வளவும் போட்டால் ரீமிக்ஸும், மேடையில் யாரோ பாடியதும் ஒதுங்கிக்கொள்ளும். தம்பிக்குத் தமிழ் எழுத்து தெரியாவிட்டால் நீங்களே தட்டிக் கொடுங்கள்.

டிஜேவிடம் இரண்டு வார்த்தை. பழைய ரெக்கார்டு பாட்டு சத்தம் குறைவாக இருக்கும். அதிரடிக் குத்துப் பாட்டு முடிந்த கையோடு இதைப் போட்டால் ஹாலில் யாருக்கும் காதில் விழாது. முந்தின பாட்டை முழுதாக நிறுத்திவிட்டு, பேஸைக் குறைத்துவிட்டு, தொடக்க இசையை வெட்டாமல் போடச் சொல்லுங்கள். அப்புறம், தம்பி முதலில் எடுத்த பாட்டு டிஜேவுக்கும் போயிருந்தால் இப்போதே லிஸ்டிலிருந்து எடுக்கச் சொல்லிவிடுங்கள். இரண்டும் ஒரே பெயரில் கிடந்தால், அன்றைக்கு இரவு 'பொண்டாட்டி ஊருக்குப் போயிட்டா' ஹால் முழுக்க ஒலிக்கும். சமாதானம் சொல்ல வேண்டியது தாத்தா.