துப்பறிவாளரிடம் எதைக் கேட்க வேண்டும்?

கேள்வி: சுங்கை சிப்புட்டை அடுத்த செம்பனைத் தோட்டம் ஒன்றில் வசிக்கிறேன். பதிவுத் திருமணம் செய்து 11 ஆண்டுகள் ஆகின்றன, இரண்டு பிள்ளைகள். 8 மாதங்களுக்கு முன் வீட்டை விட்டுப் போன கணவர், பட்டணத்துத் தாமானில் வேறொரு பெண்ணுடன் இருப்பதாகச் சொல்கிறார்கள். வேலை இல்லை என்று கூறிப் பிள்ளைகளுக்கு ஒரு சென் கூடத் தருவதில்லை. 3,000 ரிங்கிட் கொடுத்தால் இருவரையும் சேர்த்துப் படம் எடுப்பதாகவும், கணவரின் வாட்ஸ்அப் செய்திகளையும் எடுத்துத் தருவதாகவும் உள்ளூர்த் துப்பறிவாளர் ஒருவர் சொல்கிறார். நகையை அடகு வைத்துக் கொடுக்கலாமா?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: அன்புச் சகோதரி, இந்த வேலைக்காக நகையை அடகு வைக்க வேண்டாம்.

உங்களுக்கு இன்று வேண்டியது பிள்ளைகளின் செலவுக்கான பணம். அதற்கு மணவிலக்கு வரை காத்திருக்கத் தேவையில்லை. மணமான பெண்கள், குழந்தைகள் பராமரிப்பு குறித்த 1950ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ், உயர்நீதிமன்றம் வரை போகாமலேயே ஜீவனாம்சம் கேட்கலாம். அங்கே கணவர் யாருடன் வாழ்கிறார் என்பது முக்கியமில்லை. உங்களையும் பிள்ளைகளையும் பராமரிக்கத் தவறினாரா, பராமரிக்கும் வசதி அவருக்கு உண்டா என்பவையே கேள்விகள். ஆகவே துப்பறிவாளர் ஒருவரை அமர்த்துவதானால், வேலை இல்லை என்று சொல்லும் மனிதர் காலையில் எந்த லோரியில் ஏறுகிறார், எந்த ஆலைக்கோ பட்டறைக்கோ போகிறார், சம்பளம் கொடுப்பவர் யார் என்பதைக் கண்டறியச் சொல்லுங்கள். முதலாளி இன்னார் என்று தெரிந்துவிட்டால், ஜீவனாம்ச ஆணைக்குப் பிறகும் அவர் கொடுக்காமல் இழுத்தடிக்கும்போது, ஜீவனாம்ச ஆணைகளை நிறைவேற்ற வைக்கும் 1968ஆம் ஆண்டுச் சட்டப்படி சம்பளத்திலிருந்தே பிடித்துக் கொடுக்குமாறு நீதிமன்றம் அந்த முதலாளிக்கு ஆணையிட முடியும். பத்துப் படங்கள் செய்யாத உதவியை அந்த ஒரு பெயர் உங்களுக்குச் செய்யும்.

மணவிலக்குக் கோரும்போதும் படம் கட்டாயமில்லை. 1976ஆம் ஆண்டுத் திருமண, மணவிலக்குச் சட்டத்தின் 54ஆம் பிரிவு, தகாத உறவை மட்டுமின்றி, சேர்ந்து வாழ முடியாதபடியான நடத்தையையும் இரண்டாண்டுக் காலம் கைவிட்டுப் போனதையும் கருத்தில் கொள்கிறது. தகாத உறவைக் காரணமாகக் காட்டினால், பொதுவாக அந்தப் பெண்ணையும் வழக்கில் எதிர்த்தரப்பாகச் சேர்க்க வேண்டும். வழக்கும் செலவும் நீளும். ஒட்டுக்கடையில் இருவரும் அருகருகே அமர்ந்திருக்கும் படம் மட்டும் அந்த உறவை மெய்ப்பிக்காது.

வாட்ஸ்அப் செய்திகளை எடுத்துத் தருவதாகச் சொல்பவரிடம் மேற்கொண்டு பேசவே வேண்டாம். பிறர் கைப்பேசிக்குள் அனுமதியின்றி நுழைவது 1997ஆம் ஆண்டுக் கணினிக் குற்றச் சட்டத்தின்படியும், தகவல் தொடர்பை இடைமறிப்பது 1998ஆம் ஆண்டுத் தொடர்பு, பல்லூடகச் சட்டத்தின்படியும் குற்றம். பணம் கொடுத்துச் செய்யச் சொன்னவர் என்று உங்கள் பெயரும் போலீஸ் புகாரில் ஏறும். பின்தொடர்ந்து அச்சுறுத்துவதும் 2023 முதல் தண்டனைச் சட்டத்தில் தனிக் குற்றமாகிவிட்டது.

உள்ளூர்க்காரரை அமர்த்துவது பற்றியும் யோசியுங்கள். நம் தோட்டப் பட்டணங்களில், அறிமுகமில்லாத கார் ஒரு தாமான் சந்தில் இரண்டு நாள் நின்றாலே கோயில் வாசல் வரை பேச்சு வந்துவிடும். துப்பறிவாளரின் மைத்துனரே உங்கள் கணவருடன் வேலை செய்பவராகவும் இருக்கக்கூடும். அதற்காகக் கோலாலம்பூரிலிருந்து ஒருவரை வரவழைத்தால், தோட்டத்துப் பாதைகளும் வேலை நேரமும் அவருக்குப் பிடிபடாது. தமிழ் பேசும், உறவு வட்டத்துக்கு வெளியே உள்ள ஈப்போக்காரர் ஒருவரே பொருத்தம் என்பது என் கருத்து. 1971ஆம் ஆண்டுத் தனியார் முகவை நிறுவனச் சட்டத்தின்படி அவருடைய நிறுவனத்துக்கு உள்துறை அமைச்சின் உரிமம் இருக்க வேண்டும். அதைக் காட்டச் சொல்லுங்கள். அவர் நீதிமன்றத்தில் சாட்சிக் கூண்டில் ஏறி, எதிர்த்தரப்பு வழக்கறிஞரின் குறுக்கு விசாரணைக்கும் பதில் சொல்ல வேண்டியிருக்கும் என்பதால், நாள், நேரம், இடம் ஆகியவற்றை அன்றன்றே குறித்து வைத்து, அசல் படங்களையும் அழிக்காமல் காப்பவராக இருக்க வேண்டும்.

இதற்கெல்லாம் முன்பாக, ஈப்போவில் உள்ள சட்ட உதவித் துறை அலுவலகத்துக்குத் திருமணச் சான்றிதழ், பிள்ளைகளின் பிறப்புப் பத்திரங்கள், பள்ளிச் செலவு ரசீதுகள் ஆகியவற்றுடன் செல்லுங்கள். குறைந்த வருமானமுள்ளவர்களின் குடும்ப வழக்குகளை அவர்கள் எடுத்து நடத்துகிறார்கள். துப்பறிவாளர் உண்மையில் தேவையா என்பதை உங்கள் வழக்கைக் கையில் எடுக்கும் வழக்கறிஞரே சொல்லட்டும்.

கேள்வி: மனைவி எங்கள் 9 வயது மகளைச் சரியாகக் கவனிக்கிறாரா என்று ஆள் வைத்துப் பார்க்கலாமா?
- லிந்தாங் வாசகர்

பதில்: வேண்டாம் ஐயா. பிள்ளை யாரிடம் வளர வேண்டும் என்று முடிவு செய்யும்போது, 1976ஆம் ஆண்டுத் திருமண, மணவிலக்குச் சட்டத்தின் 88ஆம் பிரிவின்படி நீதிமன்றம் முதன்மையாகக் கருதுவது பிள்ளையின் நலனை. ஏழு வயதுக்குட்பட்ட பிள்ளை தாயிடம் இருப்பதே நல்லது என்ற சட்டத்தின் அனுமானம் உங்கள் மகளுக்குப் பொருந்தாது. தன் விருப்பத்தைச் சொல்லத்தக்க வயது என்று நீதிபதி கருதினால், அவளுடைய விருப்பமும் கேட்கப்படும். பள்ளிக்கு வெளியே அந்நியர் ஒருவர் தன்னைப் படம் எடுப்பதைப் பார்த்துப் பயந்த பிள்ளை, அதைச் செய்யச் சொன்னவர் அப்பா என்று அறிந்தால் உங்களிடம் வர விரும்புமா? பள்ளி வருகைப் பதிவும் கிளினிக் அட்டையும் போதிய சான்றாகலாம். அவை போதாதென்றால், சமூக நல அதிகாரியின் கருத்தைப் பெறுமாறு நீதிமன்றத்தைக் கேட்க உங்கள் வழக்கறிஞரிடம் சொல்லுங்கள்.